வெள்ளை அடித்தால் அறை வளராது

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் தங்கை வீட்டில் பெயிண்ட் வேலை. பின்பக்கப் படுக்கையறைக்கு இரண்டு நிறங்களை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று பால்வெள்ளை, இன்னொன்று துவரம்பருப்பு மஞ்சள். "சின்ன ரூமுக்கு வெள்ளைதான் சார், பெருசாத் தெரியும்" என்றார் பெயிண்டர். மாமியாரும் அதையே சொன்னார், எதிர்வீட்டு அம்மாவும் அதையே சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு சுவருக்கு வெள்ளை ஒரு கோட் ஏறியிருந்தது. எரிச்சல் தாங்கவில்லை எனக்கு.

அந்த அறைக்கு வடக்கு பார்த்த ஒரே ஜன்னல். நாலடி தள்ளி அடுத்த வீட்டின் பச்சைச் சுவர். வெள்ளைக்குச் சொந்த வெளிச்சம் ஏது? தன்மேல் விழுவதைத்தான் அது திருப்பித் தரும். அங்கே விழுவதோ பச்சையில் பட்டுத் தெறித்த அரை வெளிச்சம். பகல் 2 மணிக்கே பால்வெள்ளை பாசி பிடித்தாற்போல் நின்றது. பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி மஞ்சளைப் பூசச் சொன்னேன். அதே வெளிச்சத்தில் அது மஞ்சளாகவே இருந்தது. இரவு 6500 கெல்வின் எல்இடி டியூப்லைட்டைப் போட்டதும் வெள்ளை நீலம் பாரித்து ஆஸ்பத்திரி வார்டாகிவிட்டது. இதுவா பெரிய அறை?

சுண்ணாம்பு அடித்த நம் தாத்தாக்கள் வெறும் வெள்ளையை நம்பவில்லை. ஒரு சிட்டிகை நீலம் கலந்துதான் அடித்தார்கள். பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839-இல் புத்தகமே போட்டுவிட்டார். நாம் இன்னும் கட்டைவிரல் அகல ஷேட் கார்டை வைத்து ஒரு வீட்டையே முடிவு செய்கிறோம்.

வெள்ளை அடித்தால் அறை பெரிசாகும் என்ற இந்த நம்பிக்கையால் லாபம் யாருக்கு? அடுக்குமாடி கட்டுபவருக்கு. ஒரே டிரம் வெள்ளையில் எல்லா வீட்டையும் முடித்துவிடலாம்; ஜன்னலைச் சுருக்கிவிட்டு, 'வெள்ளை அடித்தால் வெளிச்சம் வரும்' என்று விற்றும்விடலாம். வாடகைக்கு விடுபவரோ அதே வெள்ளையை அடித்துவிட்டு, குழந்தையின் கைத்தடத்துக்கு அட்வான்ஸில் பணம் பிடிக்கிறார்.

பெயிண்டர் சொன்னார், மாமியார் சொன்னார் என்று தலையாட்டாதீர்கள். இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்கி உங்கள் சுவரிலேயே பூசுங்கள். நன்றாகக் காயட்டும். காலையில் பாருங்கள், மதியம் பாருங்கள், உங்கள் வீட்டு விளக்கில் பாருங்கள். தங்கையின் அறை பத்துக்குப் பத்து. வெள்ளை அடித்த பிறகும் டேப் வைத்துப் பார்த்தேன், பத்துக்குப் பத்துதான்.