அர்ச்சுனன் துரோணர் ஆகும் வழி

வில் எடுத்தோர் எல்லாரும் அர்ச்சுனர் ஆவதில்லை. அர்ச்சுனராய் விளங்கினோர் எல்லாரும் துரோணர் ஆவதுமில்லை. இந்திய அரசு விளையாட்டு வீரருக்கு அளிக்கும் விருதொன்றுக்கு அர்ச்சுனன் பெயரையும், பயிற்றுநருக்கு அளிக்கும் விருதுக்குத் துரோணாச்சாரியார் பெயரையும் சூட்டியிருக்கிறது. இவ்விரண்டையும் கரப்பந்தாட்டத்திற்காகப் பெற்றவர் தமிழகத்தின் ஜி. ஈ. ஸ்ரீதரன். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவருக்கு முன்னைய விருது 1982இலும், பின்னையது 2007இலும் கிடைத்தன. இரண்டுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள்! சீடன் குருவாவதற்கு ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருக்கிறது.

ஏன் இத்தனை நெடிய பயணம்? சிறந்த ஆட்டக்காரனுக்குக் கை அறிந்ததை நா அறியாது என்பதே காரணம். விரைந்து வரும் பந்தை அவன் இமைப்பொழுதில் ஏந்திவிடுவான். ஆனால், ஏந்தத் தெரியாத சிறுவனோ, ‘எப்படி?’ என்று கேட்கிறான். முதலில் கால் நகர வேண்டும். பின்பு முழங்கால் மடங்க வேண்டும். இணைந்த முன்கைகள் பந்தின் வழியில் நிற்க வேண்டும். தனக்கு இயல்பாய் அமைந்த ஒன்றை இவ்வாறு படிப்படியாய்ப் பிரித்துச் சொல்ல, அவன் தன் கலையைத் தானே மறுமுறை கற்க வேண்டியவனாகிறான்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் புகழ்பெற்ற கார்ச் கிராலியின் வரலாறும் இதனையே புகட்டும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடி, 1979, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கல்லூரி வெற்றிகளில் பங்குகொண்டவர் அவர். 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1996இல் மணற்கரை ஆட்டத்திலும் தங்கம் வென்றார். இத்தகையவர் 2009இல் அமெரிக்க மகளிர் அணியில் சேர்ந்தது தலைமைப் பயிற்றுநராக அன்று, துணைப் பயிற்றுநராகவே! 2012ஆம் ஆண்டின் லண்டன் ஒலிம்பிக் முடிந்த பின்னரே தலைமைப் பொறுப்பு அவரை அடைந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்வணி தங்கம் வென்றது. மூன்று தங்கம் பெற்ற கை, பிறர் வெல்வதற்காகக் கோட்டுக்கு வெளியே வாளாவிருக்கக் கற்றது. ஒரு சுற்றில் முப்பது விநாடி கொண்ட இரண்டு இடைநிறுத்தங்களே பயிற்றுநர் கேட்டுப் பெறக்கூடியவை. அச்சிறு பொழுதில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகி நிற்பதே அவர் தவம்.

நம் இலங்கைக்குக் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாய் 1916இல் வந்த இவ்வாட்டம், 1991இல் தேசிய விளையாட்டாய் அறிவிக்கப்பட்டது. பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் கொண்ட நிலம், ஒரு வலை, ஒரு பந்து. இவ்வளவே அதற்கு வேண்டும். புனித ஆனாள் ஆலயத்தின் மணியோசை எட்டும் வங்காலையில் மணலுக்கா பஞ்சம்?

பஞ்சம் வேறோரிடத்தில் இருக்கிறது. பாடசாலை அணியில் ஒளிவீசிய இளைஞன் இருபது வயதைத் தாண்டியதும் கடலுக்கோ கொழும்புக்கோ அயல்நாட்டுக்கோ போய்விடுகிறான். வாழ்க்கைச் சுமை அத்தகையது. அவனைக் குறை கூறுவது தகாது. எனினும், அவன் பெற்ற கலையும் அவனோடே கப்பலேறிவிடுகிறது. அடுத்து வரும் பிள்ளைகளோ மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

கடலோடியின் தொழில் இவ்வாறு அழிவதில்லை. தந்தை மகனை அருகில் இருத்தி, வலையின் கண்ணை எப்படி முடிவது என்று பன்முறை காட்டுகிறார். மகன் தவறவிட்டால், முடிச்சை அவிழ்த்து மறுபடியும் காட்டுகிறார். அந்தப் பொறுமையைத்தான் விளையாட்டுத் திடலும் வேண்டிநிற்கிறது.

ஆகவே, பெரியோர்களே, ஊரிலே தங்கிவிட்ட பழைய ஆட்டக்காரன் எவனேனும் இருப்பின், அவனை அழையுங்கள். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளை அவனிடம் கேளுங்கள். பயிற்றுநர் வகுப்புக்குச் செல்ல அவனுக்கு வழிச்செலவு கொடுங்கள். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் அவனிடம் அனுப்புங்கள். அவர்களுக்காக வலையைச் சற்றே தாழ்த்திக் கட்டினால் போதும். வென்ற கிண்ணங்கள் அலமாரியில் கறுத்துப்போகும். கற்றுக்கொடுத்த ஆட்டமோ அடுத்த தலைமுறையின் கைகளில் வாழும்.