48 முகவரிகள் எதற்கு?

சிங்கப்பூர் இந்தியர்களின் சம்பளச் சீட்டில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று ஒரு வரி இருக்கும். வருமானத்துக்கு ஏற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை, மசேநிதிச் சந்தாவோடு மாதந்தோறும் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணம் சிராங்கூன் சாலைப் பக்கம், பீட்டி ரோட்டில் இருக்கும் சங்கத்துக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியும். ஆண்டறிக்கையைப் புரட்டினால் செலவும் தெரிந்துவிடும்.

சில பிளாக்செயின் திட்டங்களும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர்களுக்கு இப்படித்தான் பணம் பிடிக்கின்றன. 2016 அக்டோபரில் தொடங்கிய ஸீகேஷ் அவற்றில் முக்கியமானது. தொடக்க வாரங்கள் கழிந்தபின் ஒவ்வொரு பிளாக்குக்கும் 12.5 நாணயங்கள் பிறந்தன. பிளாக்கை உருவாக்கும் மைனருக்கு 10. மீதி 2.5, நிறுவனர்கள், முதலீட்டாளர்கள், ஊழியர்கள் ஆகியோரின் பங்கு. இந்தப் பங்கைச் செலுத்தாத பிளாக்கை வலையமைப்பே ஏற்காது. எந்த முகவரிக்குச் செலுத்துவது என்பதும் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஒன்றல்ல, 48 முகவரிகள். ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்றாக, நான்கு ஆண்டுகளுக்கு.

இப்படிப் பிரித்துவைப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஒரு முகவரியின் சாவி களவு போனால் ஒரு மாதப் பணத்தோடு இழப்பு நின்றுவிடும். ஆனால் மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று பார்க்க விரும்பும் சாதாரண ஆள் 48 கணக்குகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். வலையமைப்பின் நெறியைப் (புரோட்டோகால்) பின்பற்றி வேறொரு மென்பொருள் எழுதுபவரும் அந்தப் பட்டியலை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் படியெடுக்க வேண்டும். பிசகினால் அவருடைய மென்பொருள் சரியான பிளாக்கையே தள்ளிவிடும்.

2020 நவம்பரில் ஏற்பாடு மாறியது. பிளாக் வெகுமதியில் 20 விழுக்காடு மூன்றாகப் பிரிந்தது: மேம்பாட்டு நிறுவனத்துக்கு 7, அறக்கட்டளைக்கு 5, வெளியாருக்கான மானியங்களுக்கு 8. நிறுவனத்தின் பங்குக்கு மட்டும் முகவரிப் பட்டியல் தொடர்ந்தது. மற்ற இரண்டுக்கும் தலா ஒரே முகவரி. அவற்றின் வரவு செலவை இன்று யாரும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரே முகவரி என்றால் ஒரே ஆள் கையில் சாவி என்று ஆகிவிடக் கூடாது. ஐந்து பேரில் மூவர் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் என்பது போன்ற பல கையொப்ப ஏற்பாடு வேண்டும். சாவிகள் தொலைந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் நெறியில் பதிந்த முகவரியை மாற்ற வலையமைப்பு முழுவதும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில் ஸீகேஷ் இன்னொரு வழியையும் எடுத்தது. 12 விழுக்காட்டை எந்த முகவரிக்கும் அனுப்பாமல், பயனாளர்கள் முடிவெடுக்கும்வரை நெறிக்குள்ளேயே பூட்டி வைத்தது.

முகவரி தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்து. சிங்கப்பூரில் பதிவான லூனா ஃபவுண்டேஷன் கார்டு மேம்பாட்டு நிதி அல்ல, டெரா நாணயத்துக்கான கையிருப்பு அமைப்பு. அதன் பிட்காயின் முகவரி ஊரறிந்தது. 2022 மே 7இல் அதனிடம் 80,394 பிட்காயின் இருந்தது. டெரா சரிந்த பின், மே 16இல் அந்த அமைப்பே வெளியிட்ட கணக்கில் மிஞ்சியது 313. பணம் வெளியேறியதைப் பிளாக்செயினில் எல்லோரும் பார்த்தார்கள். அதை அனுப்பும் முடிவை யார், எந்த விதிப்படி எடுத்தார் என்பது பிளாக்செயினில் இல்லை.

ஆகவே ஒரு திட்டம் முகவரிகளைக் குறைத்துவிட்டதாக அறிவித்தால் வரவேற்போம். கூடவே மூன்று விவரங்களைக் கேட்போம்: சாவிகளை வைத்திருப்பவர்கள் யார், எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும், செலவுக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும். முதலிரண்டையும் முகவரியோடு ஒரே பக்கத்தில் வெளியிடலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.