ஏர் எடுத்தல்: ஒரு மொழிப் பிரச்சினை

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பற்றிப் பேசினால், ‘அது மெக்கானிக் விஷயம், இலக்கியத்துக்கு என்ன?’ என்று நம் வாசக நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பை நான் மறுக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும் கடலூரில் பிறந்த ஜெயகாந்தனும் தெருவின் பேச்சை உரைநடைக்குள் கொண்டுவந்தார்கள் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். அதே கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சாலையோரப் பட்டறைகளில் புழங்கும் சொற்களை எடைபோட மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் நம் பழைய வண்டிகளில் அரிது. பழைய புல்லட்டும் யெஸ்டியும் கேபிளில் இயங்குபவை. எண்பதுகளின் வெளிநாட்டுப் பெரிய வண்டிகள் சிலவற்றில்தான் அது உண்டு. ஆனால் 1999இல் வந்த சிபிஇசட், 2001இல் வந்த பல்சர் ஆகியவற்றின் முன் டிஸ்க் பிரேக்கும் அதே தத்துவம்தான். லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். திரவம் மறுமுனைப் பிஸ்டனைத் தள்ளும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று புகுந்தால் லீவர் தொளதொளக்கும். கிளட்ச் முழுதாக விடாது, பிரேக் பிடிக்காது.

அந்தக் காற்றை நீக்குவதை ஆங்கிலம் ‘ரத்தம் வடித்தல்’ என்ற பொருளில் சொல்கிறது. நம் பட்டறையோ ‘ஏர் எடுப்பது’ என்கிறது. ஆங்கிலச் சொல் வடிவதைச் சொல்கிறது; நம் சொல் எதற்காக வடிக்கிறோம் என்பதையே சொல்லிவிடுகிறது. இது நல்ல சொல்.

ஆனால் அதே பட்டறை அத்திரவத்தை ‘பிரேக் ஆயில்’ என்கிறது. இது கெட்ட சொல். டாட் 3, டாட் 4 ஆகியவை எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவங்கள். பெயரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். மினரல் ஆயிலுக்கென்றே அமைந்த கிளட்ச்சுகளும் உண்டு. அவற்றில் டாட் 4 ஊற்றினாலும் கேடுதான். எண்ணெய் நீரோடு சேராது என்று நம்புகிறவர், திறந்த புட்டியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, 3.7 சதவீத நீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். கடற்கரை ஊரில் இது சிறிய விஷயமல்ல. சூட்டில் திரவம் கொதித்து ஆவியானால் பிரேக் கைவிடும். ஒரு சொல்லின் பிழை உயிரில் போய் முடியும்.

இதையெல்லாம் தமிழில் எழுத முடியாது என்பவர்களுக்கு இதோ: முதலில் கசியும் சீலை மாற்று. டேங்கின் மேல் துணி போடு. இத்திரவம் பெயிண்ட்டை அரிக்கும். மூடியில் குறித்துள்ள வகையைப் புதிய புட்டியிலிருந்து ஊற்று. நிப்பிளில் நிறமற்ற டியூபை மாட்டி, மறுமுனையைத் திரவத்தில் அமிழ்த்து. லீவரை அழுத்திப் பிடி. நிப்பிளைக் கால் திருகு தளர்த்து. இறுக்கிய பிறகே லீவரை விடு. குமிழி நிற்கும்வரை தொடர். மேல் தொட்டி வற்றக்கூடாது.

எங்கே இடறியது தமிழ்? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது கைதட்டிய நாம், அம்மாணவர்களுக்கான உரைநடையை யார் எழுதுவது என்று கேட்கவில்லை. பட்டறையின் நல்ல சொல்லை அச்சேற்றுவதும் பிழையான சொல்லைத் திருத்துவதும் சொல்லோடு வாழ்கிறவர்களின் வேலை. ‘ஏர் எடுப்பது’ இருக்கட்டும். ‘பிரேக் ஆயில்’ போகட்டும். ‘பிரேக் திரவம்’ என்று எழுதுவோம்.