ஆமைக்குஞ்சு வாங்குகிறீர்களா?

வண்ணமீன் கடைகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு. சிவப்புக்காது ஆமை என்று பெயர். குழந்தை கையை நீட்டிக் கேட்கிறது. “இவ்வளவுதான் சார், இதுக்கு மேலே வளராது” என்று கடையில் சொல்கிறார்கள். விலையும் எட்டாத விலையில்லை. தகப்பனார் பையில் கையை விடுகிறார்.

வளராது என்பது பச்சைப் பொய்! 3 சென்டிமீட்டர் குஞ்சு 25, 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது ஆண்டு உயிரோடிருக்கும். இன்று இரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண் கல்யாணமாகிப் போன பிறகும் ஆமை தொட்டியில் இருக்கும். அதற்கு நீந்த இடம் வேண்டும்; ஏறிக் காய ஒரு திட்டு வேண்டும்; வெயில் வேண்டும். வெயில் படாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஓடு மெத்தென்று ஆகி, பிராணி மெள்ள மெள்ளச் சாகும். அழுக்கும் அதிகம், அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் தெருவிலே, இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? குடத்தைத் தூக்குகிறவர் யார்? வீட்டுப் பெண்கள்தான்!

நோயும் உண்டு. இந்த ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட கையைக் குழந்தை வாயில் வைத்தால் பேதியும் காய்ச்சலும் வரும். இதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கக் கூடாதென்று 1975-லேயே அமெரிக்கா தடை செய்தது. ஆனால் தன் நாட்டுக் குழந்தைக்கு ஆகாதென்று தடுத்த அதே சர்க்கார், வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கவில்லை! 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடிக்கு மேற்பட்ட ஆமைகள் அங்கிருந்து ஏற்றுமதியாயின. பண்ணை முதலாளிக்குச் சந்தை வேண்டும்; எந்த ஊர்க் குழந்தை கையை நக்கினால் அவருக்கென்ன? ஐரோப்பிய யூனியன் 1997-ல் இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியது. நம் ஊருக்கு இது பெட்டிகளில் வந்து இறங்குகிறது. 2024-ல் சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் சாமான்களுக்குள் ஆயிரக்கணக்கில் இந்தக் குஞ்சுகள் பிடிபட்டன. பிடிபடாமல் போனவற்றைத்தான் நாம் கடைத் தொட்டியில் பார்க்கிறோம் என்று சந்தேகிப்பது தவறா?

வசதி படைத்தவர்களின் மோகம் வேறு. அவர்களுக்கு உடும்பைப் போன்ற இகுவானா, மலைப்பாம்பு, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. கிளியின் கதை ஒன்றே போதும். மனிதனைப் போல் பேசும். அதுதான் அதற்கு வினையாகிவிட்டது. கானா நாட்டில் 1992-க்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சர்வதேச மாநாடு, காட்டில் பிடித்து விற்பதை அடியோடு நிறுத்த முடிவெடுத்தது. கூட்டமாக வாழும் பட்சி இது. கூண்டில் தனியாக விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு மொட்டை உடம்போடு உட்கார்ந்திருக்கும். நாற்பது ஆண்டு, அதற்கு மேலும் வாழும். நாற்பது வயதில் வாங்குகிறவர், தமக்குப் பின் அதற்குச் சோறு வைப்பது யார் என்று உயிலில் எழுத வேண்டியதுதான்! அதற்கு வைத்தியம் தெரிந்த மிருக டாக்டர் பெரிய நகரங்களிலேயே சிலர்தான். தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் பாவம், மாட்டையும் ஆட்டையும் பார்க்கவே நேரமில்லாதவர்.

சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. புதிதாகப் பெறுகிறவருக்கு 30 நாள் கெடு. குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையல்ல, ரசீதும் பத்திரமும்! இல்லையென்று தலையைச் சொறிந்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

இதிலே இன்னொரு வேடிக்கை. 2020 ஜூனில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது: வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொன்னால், எப்படி வந்தது என்று பத்திரம் கேட்க மாட்டோம்! 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளிக்குச் சொந்தக்காரரை வனத்துறை உடனே பிடித்துக்கொண்டு போனது. பிறகு எச்சரித்து விட்டது. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதற்கு நாம் பரிந்து பேசவில்லை. அதன் இறக்கையை நறுக்குவது கொடுமை. சட்டம் தடுப்பது நியாயம். ஆனால் மரத்தடி ஜோசியருக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தவர் யார்?

ஏற்கெனவே ஆமை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வளர்ந்து தொந்தரவாகிவிட்டதென்று இரவோடிரவாக ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியமென்று நினைத்து அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆமை எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். நம் குளத்து ஆமையின் இரையையும், அது வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகிலேயே மிக மோசமாகப் பரவும் நூறு உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு. வைத்துக் காப்பாற்ற முடிந்தால் தொட்டியைப் பெரிதாக்கி வெயில் படும் இடத்தில் வையுங்கள், தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முடியாதென்றால் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். குளத்தில் மட்டும் வேண்டாம்.