பூனைக்குட்டி தத்தெடுக்கப் போறீங்களா? போட்டோவை மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீங்க!

"மூணு குட்டி இருக்கு, அம்மா பூனையைக் காணோம், யாராவது எடுத்துக்கோங்க ப்ளீஸ்!" பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு மெசேஜ் வருவது புதிதல்ல. கூடவே ஒரு க்யூட் போட்டோ. பத்தே நிமிஷத்தில் யாரோ ஒருவர் "நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குட்டிக்கு வயிற்றுப்போக்கு, கையெல்லாம் கீறல், ஹவுஸ் ஓனரின் முகச்சுளிப்பு எனத் தொடர்ந்தால், சில வாரங்களில் அதே குட்டி மறுபடியும் தெருவுக்கு வந்துவிடும். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய பூனைக்குத் தெருவில் பிழைப்பது எளிதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். ஆனால், முதல்முறை குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு டீ, பஜ்ஜி செலவு! ஆக, பூனையைக் காப்பாற்றப்போவது அபராதம் அல்ல. எடுப்பதற்கு முன் யோசித்துச் செய்யும் தேர்வுதான்.

குட்டிக்கு எத்தனை மாசம் ஆகியிருக்கணும்?

குறைந்தது 8 வாரம், அதாவது இரண்டு மாதம். பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை உள்ள காலம்தான் குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக்கூடத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. சீக்கிரமே பிரித்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையலாம், பயந்த சுபாவமும் வரலாம்.

'அம்மா பூனையைக் காணோம்' என்றாலும் உடனே தூக்கிவிடக் கூடாது. தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகளுக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

ஆரோக்கியமான பூனையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்: பளிச்சென்று இருக்க வேண்டும். பீளை, நீர்வடிதல் கூடாது.

மூக்கு: சளி, தொடர் தும்மல் இருந்தால் சுவாசத் தொற்றாக இருக்கலாம்.

காது: உள்ளே காபித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு தெரிந்தால் காது உண்ணிகள் இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சையில் சரியாகிவிடும்.

வயிறு: உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் உப்பல் என்றால் குடற்புழுவாக இருக்கலாம்.

வால் பகுதி: சுத்தமாக இருக்க வேண்டும். ஈரமோ அழுக்கோ இருந்தால் வயிற்றுப்போக்கைக் குறிக்கலாம்.

ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தசோகையைச் சந்தேகிக்கலாம்.

சாப்பிடாமல், விளையாடாமல் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும் குட்டியை 'ரொம்ப அமைதி' என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது காய்ச்சலோ பலவீனமோதான். அதையும் எடுக்கலாம், ஆனால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்.

பழகும் குணம் இருக்கான்னு எப்படித் தெரியும்?

தரையில் உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் வந்து முகர்ந்து பார்த்து, கன்னத்தை உரசினால் நல்ல அறிகுறி. மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம். முதலில் கொஞ்சம் திமிறினாலும் பிறகு அடங்கினால் பிரச்சினை இல்லை. சீறிக்கொண்டே இருந்தால், பழக்க நேரம் தேவைப்படும் பூனை அது. முடிந்தால் வேறொரு நாள், வேறொரு நேரத்தில் மறுபடியும் பார்ப்பது நல்லது. தூக்கக் கலக்கத்தில் இருந்த பூனையைத் தவறாக எடைபோட்டிருக்கலாம்.

குட்டிதான் வேணுமா?

காலையில் மின்சார ரயில் பிடித்து ஆபீஸ் போய், இரவில் திரும்புகிறவர்களுக்குக் குட்டி சரிவராது. அதற்கு ஒரு நாளில் பலமுறை சாப்பாடும் விளையாட்டும் தேவை. ஒரு வயது தாண்டிய நாட்டுப்பூனையின் குணம் ஏற்கெனவே தெரிந்துவிடும் என்பதால் ஏமாற்றம் குறைவு. குட்டிதான் வேண்டும் என்றால், கூடப்பிறந்த இரண்டைச் சேர்த்து எடுத்தால் ஒன்றுக்கொன்று துணை.

பெர்ஷியன் பூனை ஆசை உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். அடர்ந்த முடியைத் தினமும் சீவ வேண்டும். முகம் மிகவும் தட்டையாக இருந்தால் மூச்சுத் தொல்லை வரலாம். சென்னை வெயில் வேறு. கடையில் வாங்கினால், 2018 விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். மாடி வீட்டு பால்கனிக்கு வலை போட வேண்டும்.

பாலும் தயிர்சாதமும் போதும் என்ற நினைப்பையும் விட வேண்டும். பூனை இறைச்சி உண்ணும் பிராணி. இறைச்சி, மீனில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். பல பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது.

8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த டோஸ், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை என்பது பொதுவான அட்டவணை. கருத்தடையைத் தள்ளிப்போட்டால், சுமார் 65 நாள் கர்ப்பத்தில் வீட்டுக்குள்ளேயே அடுத்த 'யாராவது எடுத்துக்கோங்க' மெசேஜ் தயாராகிவிடும்.

இன்னொரு விஷயம்: பம்மல் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. செல்லப்பிராணி உரிமம் பற்றி சென்னை மாநகராட்சி வெளியிடும் அறிவிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தாம்பரம் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

பூனைகள் 15 வருஷம்கூட வாழும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய செலவல்ல.