ஓடிக்கொண்டே இருக்கும் செய்தியை யார் வாசிப்பது?

எமது தமிழ்ச் செய்தி இணையத்தளங்கள் பலவற்றை ஒரு தீராத நோய் பிடித்திருக்கிறது. திரையில் எதுவும் அமைதியாக வந்து அமர்வதில்லை. தலைப்பு வலப்புறமிருந்து ஓடி வருகிறது. படம் கீழிருந்து எழும்புகிறது. விளம்பரம் மேலிருந்து இறங்குகிறது. வாசித்து முடிப்பதற்குள் எல்லாம் மறைந்தும் போகின்றன. இதற்கு 'நவீன வடிவமைப்பு' என்று பெயர். நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இதை வாசகனுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் சொல்வேன்.

அசைவே கூடாது என்பது என் வாதமன்று. ஒரு பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கும்போது அது மெல்ல மங்கி, கீழுள்ளவை மேலேறுமானால், எது போயிற்று என்பதைக் கண்ணே சொல்லிவிடும். நுழைவை அசைத்துக் காட்டுவது எப்போதும் எளிது. வெளியேற்றத்தைக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. பக்கத்திலிருந்து அகற்றப்பட்ட உறுப்பு அக்கணமே இல்லாமற்போகும். இல்லாததை எவ்வாறு அசைப்பது? 2023 முதல் உலாவிகளே இதற்கு நேரடி வழிசெய்யத் தொடங்கிவிட்டன. ஆகவே தொழில்நுட்பத்தைக் குறைகூறவும் இனி இடமில்லை. எதை அசைக்கலாம், எதை நிறுத்தி வைக்கவேண்டும் என்ற விவேகம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அது ஆசிரியபீடத்தின் பொறுப்பு. அதை வடிவமைப்பாளரின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

ஓடும் எழுத்து 1990களின் நடுப்பகுதியில் மைக்ரோசொப்ட் தன் உலாவியில் புகுத்திய விளையாட்டு. எச்.டி.எம்.எல். 5 தரநிர்ணயம் அந்தக் கட்டளையை வழக்கொழிந்ததென்று தள்ளிவைத்துவிட்டது. நாமோ அதே வித்தையை வேறு கட்டளைகளால் தொடர்கிறோம்.

தமிழுக்கு இது இரட்டிப்புக் கேடு. நமது வாக்கியத்தில் முடிவு கடைசியில்தான் வரும். தோட்டத் தொழிலாளரின் 1,700 ரூபா நாட்சம்பளக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அது அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. இந்த இடைக்காலத் தடையை ஓடும் தலைப்பாக்கிப் பாருங்கள்: '1,700 ரூபா சம்பள வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை'. கைத்தொலைபேசியின் சிறு திரையில் 'தடை' என்ற சொல் வலப்புறத்தில் நுழையும்போது '1,700' இடப்புறத்தால் வெளியேறியிருக்கும். முற்பாதியைக் கண்டவர் சம்பளம் கூடிவிட்டதென்று நினைப்பார். பிற்பாதியைக் கண்டவருக்கு எதற்குத் தடை என்று தெரியாது. ஹட்டனில் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துவிட்டு, லயன் வாசலில் நின்று திரையைப் பார்க்கும் பெண்ணுக்கு நாம் தருவது அரைச் செய்தியா?

சம்பளமாவது மறுநாள் விசாரித்து அறியக்கூடியது. மண்சரிவு அப்படியல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைச் சிதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் பிரதேச செயலகப் பிரிவுகளைப் பெயர் குறிப்பிட்டு, மூன்று மட்டங்களாக வெளியிடப்படுபவை. மூன்றாம் மட்டம் சிவப்பு. வெளியேறு என்பதே அதன் பொருள். அப்பட்டியலைத் திரையின் அடியில் ஓடவிட்டால், வலப்பனையில் இருப்பவர் கொத்மலையும் அம்பகமுவவும் கடந்து போகும்வரை காத்திருக்கவேண்டும். ஐந்து விநாடிகளில் எழும்பி மறையும் பெட்டிக்குள் அதை வைப்பது இன்னும் மோசம். கண்ணை எடுத்தவருக்கு அப்படி ஓர் எச்சரிக்கை வந்ததே தெரியாமற் போகும்.

'அசைவு இருந்தால்தான் பார்வையாளர் நிற்பார்' என்று பதில் வரும். அசைவு கண்ணை இழுக்கும் என்பது உண்மையே. அதனாலேயே அது வாசிப்பைக் கெடுக்கிறது. தானாகத் தொடங்கி, வேறு உள்ளடக்கத்தோடு சேர்ந்து, ஐந்து விநாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்திவைக்க வாசகருக்கு வழி இருக்கவேண்டுமென்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டி 2008 முதல் சொல்லி வருகிறது. திரையசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தருகிறது. அவர்கள் கருவியிலேயே 'அசைவைக் குறை' என்று தெரிவு செய்யலாம். அதைக் கேட்டறிந்து நடக்கத் தளத்துக்குச் சில வரிகள் போதும். அதைக்கூட எழுதாத தளங்கள் எத்தனை!

மலிவான கைத்தொலைபேசிகளின் நிலையையும் எண்ணவேண்டும். ஓர் உறுப்பின் உயரத்தை மாற்றி அசைத்தால் உலாவி பக்கத்தின் அமைப்பை மீண்டும் மீண்டும் கணக்கிடும். திரை திக்கித் திணறும். மங்கலையும் இடப்பெயர்ச்சியையும் மட்டும் பயன்படுத்தினால் அச்சுமை பெரிதும் குறையும். திடீரென இறங்கும் விளம்பரத்தால் வரிகள் கீழே தள்ளப்பட்டு, வாசகரின் விரல் விளம்பரத்தில் விழுகிறது. 'டேட்டா' கரைவது விளம்பரதாரரின் பணத்திலன்று, தொழிலாளியின் பணத்தில்.

என் கோரிக்கை சிறியது. தலைப்பு, எச்சரிக்கை, சம்பளம், மரண அறிவித்தல், பரீட்சைப் பெறுபேறு ஆகியவை அசையக்கூடாது. வாசகரே மூடும்வரை நிற்கவேண்டும். மற்றவை அசையலாம், ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்குக்குள், காரணத்தோடு. அச்சு இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தாளில் எழுத்து அசையாமல் நின்றது. வாசகர் தன் வேகத்தில் வாசித்தார், சந்தேகம் வந்தால் திரும்ப வாசித்தார். அந்த உரிமையைத் திரையிலும் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.