ஸ்டீரிங்குக்குள் ஒரு காந்தம்

மோட்டார் வண்டி ஓட்டுவதற்குப் புஜபலம் வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. ஓடுகிற வண்டியைத் திருப்புவதில் அத்தனை கஷ்டமில்லை. உருளும் டயர் இடங்கொடுக்கும். நிற்கும் டயரோ தரையைப் பிடித்துக்கொண்டு சண்டித்தனம் செய்யும். இன்று பள்ளிக்கூட வாசல் நெரிசலிலே ஒரு பாட்டியம்மாள்கூட இரண்டு விரலால் வண்டியைத் திருப்பி நிறுத்திவிடுகிறார். இந்த அதிசயத்தின் அந்தரங்கத்தை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவில் பிரான்ஸிஸ் டேவிஸ் என்னும் எஞ்சினீயர், எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டீரிங்குக்குத் துணை செய்யும் முறையை 1926-ஆம் வருஷத்தில் ஓட்டிக் காண்பித்தார். 1951-இல் கிறைஸ்லர் கம்பெனியார் அதைத் தம் வண்டிகளில் வைத்து விற்றார்கள். ஆனால் அந்த எண்ணெய்ப் பம்பு, வண்டி திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் எஞ்சினோடு சுழன்றுகொண்டே இருக்கும்; வேலை இல்லாதபோதும் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தரைப் போல, வீணே பெட்ரோலைச் செலவிடும். 1988-இல் ஜப்பானிய சுஸுகி கம்பெனியார் 'செர்வோ' என்னும் சிறிய வண்டியில் எண்ணெய்க்குப் பதிலாக மின்சாரத்தை அமர்த்தினார்கள். வேலை செய்தால்தான் கூலி என்பது மின்சாரத்தின் தர்மம்.

இதன் அமைப்பைப் பார்ப்போம். நாம் பிடிக்கும் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் நடுவே மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். நாம் சக்கரத்தைத் திருப்பும்போது, கீழே டயர் முரண்டு பிடிப்பதால், இக்கம்பி மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கை ஓர் உணர்கருவி அளந்து, பக்கத்திலுள்ள சின்னக் கணினிக்குச் சொல்கிறது. கணினி வண்டியின் வேகத்தையும் விசாரித்துக்கொண்டு, மின்சார மோட்டாருக்கு உத்தரவிடுகிறது. அந்த மோட்டாரின் முனையில் திருகாணி போன்ற பல்லுடைய தண்டு. அது ஒரு பெரிய பற்சக்கரத்தை மெள்ளச் சுழற்றுகிறது. இப்படி வேகம் குறையக் குறைய வலு பெருகுகிறது. இரைச்சல் எழாதிருக்க, அப்பற்சக்கரத்தின் விளிம்பைப் பிளாஸ்டிக்கினால் செய்வதும் உண்டு. கடைசியில் பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்று இடமும் வலமும் நகர்ந்து முன் சக்கரங்களைத் திருப்புகிறது. சிறிய வண்டிகளில் மோட்டார் மேலே தண்டின்மீது அமர்ந்திருக்கும். கனமான வண்டிகளில் கீழே சட்டத்தின் அருகிலேயே இருக்கும்.

நிற்கும்போது உதவி அதிகம். வேகமாகச் செல்லும்போது குறைவு. வேகத்தில் சக்கரம் மிக இலேசாகிவிட்டால் கை நடுங்கினாலும் வண்டி விலகிப் போகுமல்லவா? "மின்சாரம் நின்றுவிட்டால் என்ன கதி?" என்று நேயர்கள் கேட்கலாம். சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பழைய புஜபலத்தைக் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டால் வண்டியை ஓரங்கட்டிவிடலாம்.

இவ்வளவையும் நம் நாட்டிலேயே செய்கிறார்களா? செய்கிறார்கள். சென்னையில் 1929-இல் தோன்றிய ராணே ஸ்தாபனத்தார், ஜப்பானிய என்.எஸ்.கே. கம்பெனியாருடன் கூட்டுச் சேர்ந்து இத்தகைய ஸ்டீரிங்குகளைச் செய்து வந்தார்கள். 2024-இல் கூட்டாளியின் பங்கையும் தாமே வாங்கிக்கொண்டார்கள். சந்தோஷமான செய்திதான். ஆயினும் மோட்டாரின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கே சுழல்வது நியோடிமியம் என்னும் அருமண் உலோகம் சேர்ந்த காந்தம். உஷ்ணத்தில் அதன் சக்தி குன்றாதிருக்க டிஸ்ப்ரோஸியம் என்னும் மற்றோர் உலோகத்தையும் சிறிது கலப்பார்கள். இக்காந்தங்களில் மிகப் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுபவை. 2025 ஏப்ரலில் சீன சர்க்கார், அனுமதிச் சீட்டு இல்லாமல் இவற்றை வெளியே அனுப்பலாகாது என்று விதித்ததும், நம் மோட்டார்த் தொழிற்சாலைகள் கதிகலங்கின. உள்ளங்கையில் அடங்கும் காந்தத்துக்காக ஒரு முழு வண்டி காத்து நிற்க வேண்டியதாயிற்று!

இதில் வேடிக்கையும் வேதனையும் என்னவென்றால், கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே மோனஸைட் கிடக்கிறது; அதில் நியோடிமியம் அடங்கியிருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அந்த மணலின் மதிப்பை அறிந்து, 'காஸ்' விளக்குத் தொழிலுக்காக அதை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்ற வழி செய்தார். மணல் நம்முடையது, வெளிச்சம் அவர்களுடையது என்றிருந்தது அன்று. மணல் இங்கே, காந்தம் அங்கே என்பது இன்றைய நிலை.

2025 நவம்பரில் இந்திய சர்க்கார், இங்கேயே இக்காந்தங்களைச் செய்வதற்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. நன்று. கரையோர மக்களின் நலத்துக்குப் பங்கமின்றி மணலை எடுத்து, அதைக் காந்தமாக்கும் வித்தையை நம் வாலிபர்கள் கைவசப்படுத்த வேண்டும். சக்கரத்தைப் பிடிக்கும் கை நம்முடையதாயிருந்தால் மட்டும் போதாது. அக்கைக்குத் துணை செய்யும் பலமும் நம்முடையதாயிருக்க வேண்டும்.